கேட்டபின் சொல்லுதல்: பிற சமயத்தாரிடையே கிறிஸ்தவ சாட்சி

தம் நம்பிக்கையைப் பிறரிடம் எடுத்துச் சொல்வது கிறிஸ்தவர்களுக்கு விருப்பம் சார்ந்த செயல் அன்று, கடமை. எல்லா இனத்தாரிடமும் செல்லும்படியான கட்டளையோடு மத்தேயு நற்செய்தி முடிகிறது. பேதுருவின் முதலாம் நிருபம் 3ஆம் அதிகாரமோ, நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குப் பணிவோடும் மதிப்போடும் விடை சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. முதல் கட்டளையைப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டவர்கள் உண்டு. இரண்டாவதைச் சாக்காக்கி வாயே திறக்காதவர்களும் உண்டு. இரண்டையும் ஒருசேரக் காப்பது எப்படி என்ற கேள்வி திருச்சபை அளவுக்குப் பழமையானது. தமிழகத்திலும் ஈழத்திலும் அது ஐந்நூறு ஆண்டுகளாக அழுத்தமாகக் கேட்கப்பட்டுவருகிறது.

பேதுருவின் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சின்ன ஆசியாவின் பல பகுதிகளில் சிதறிக் கிடந்த, அக்கம்பக்கத்தாரின் சந்தேகத்துக்கும் அவதூறுக்கும் ஆளான ஒரு சிறுபான்மைக்கு அது எழுதப்பட்டது. அங்கே பேசுபவர் எளியவர்; கேள்வி கேட்பவர் வலியவர். பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த நிலை பல நாடுகளில் தலைகீழானது. கப்பலும் கோட்டையும் பள்ளிக்கூடமும் மருந்தும் பேசுபவர் கையில் இருந்தன. எளியவர் வாயிலிருந்து வரும்போது துணிவாக ஒலிக்கும் சொல், வலியவர் வாயிலிருந்து வரும்போது மிரட்டலாகவோ ஆசைகாட்டலாகவோ ஒலிக்கக்கூடும். மரியாதை என்பது வெறும் குரலின் மென்மை அன்று. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வை அறிந்து நடப்பது. சாட்சி சொல்வதில் எழுந்த சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வை மறந்ததால் வந்தவை.

புதிய ஏற்பாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுல் அத்தேனே பட்டணத்துக்கு வருகிறார். அங்கு நிறைந்திருந்த விக்கிரகங்களைக் கண்டு அவர் மனம் கொதிக்கிறது. ஆனால் அரேயோபாகு மேடையில் பேசும்போது அந்தக் கொதிப்பைக் கொட்டவில்லை. அறியப்படாத தேவனுக்கென்று அவர்கள் கட்டியிருந்த பலிபீடத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார். அவர்களுடைய புலவர்களின் வாக்கையே சான்றாக எடுக்கிறார். அதற்காகச் செய்தியைக் குறைக்கவில்லை. உயிர்த்தெழுதலைச் சொல்லித்தான் முடிக்கிறார். சிலர் நகைத்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள், தியொனீசியு, தாமரி முதலிய சிலர் நம்பினார்கள். நகைத்தவர்களைப் பவுல் சபித்ததாக அங்கே எழுதப்படவில்லை. அவர் அவர்களை விட்டுப் புறப்பட்டுப் போகிறார்.

யோவான் நற்செய்தியின் சமாரியப் பெண் நிகழ்ச்சி இதைவிட நுட்பமானது. கிணற்றடியில் இயேசு உபதேசத்தோடு தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். சமாரியரோடு யூதர் புழங்காத காலம் அது. தண்ணீர்க் குடத்தைச் சுற்றியும் டீக்கடைக் குவளையைச் சுற்றியும் சாதி கட்டிய வேலியை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் கனம் விளக்காமலே புரியும். கொடுப்பவராக வருவதற்கு முன் அவர் கேட்டுப் பெறுபவராக வந்தார்.

தமிழகத்தில் இந்தச் சிந்தனை முதலில் கூர்மை அடைந்தது மதுரையில். 1606இல் அங்கு வந்த இத்தாலியரான இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, தமக்கு முன்பே அங்கிருந்த கொன்சாலோ பெர்னாண்டசின் பணி ஏன் வேரூன்றவில்லை என்று ஆராய்ந்தார். கிறிஸ்தவத்தில் சேர விரும்புகிறவரிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருள்படக் கேட்கும் வழக்கம் அப்போது இருந்தது. பறங்கி என்றால் மதுரை மக்கள் மனத்தில் மாட்டிறைச்சியும் மதுவும் நீராடாத உடலும் போர்த்துக்கீசியத் துப்பாக்கியும்தான் வந்தன. ஒருவர் கிறிஸ்துவை ஏற்பதற்காகத் தம் மக்களையே துறக்க வேண்டும் என்று அந்தக் கேள்வி சொல்லாமல் சொல்லியது. நொபிலி காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தமிழோடு வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். சபைக்குள்ளேயே அவருக்கு எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவர் முறைக்கு இசைவு அளித்தார்.

ஆனால் அவர் முறைக்கு ஒரு விலையும் இருந்தது. உயர்சாதியினரின் மதிப்பைப் பெறுவதற்காக, ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் புழங்குவதை அவர் தவிர்த்தார். ஒரு சாராருக்குக் காட்டிய மரியாதை இன்னொரு சாராருக்கு அவமதிப்பாயிற்று. சாதிக்கொன்றாகப் பிரிந்த ஊழியமும் ஆலயத்துக்குள் தனித்தனி இடங்களும் பின்னாளில் திருச்சபையில் நிலைத்த பெருந்தீங்காயின. பண்பாட்டுக்கு இணங்கிப் போவது எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு நொபிலி வாழ்வு பாதி விடைதான் தருகிறது.

நூறு ஆண்டு கழித்துத் தரங்கம்பாடியில் நடந்தது வேறு வகை. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு கரையிறங்கினார். சில ஆண்டுகளில் தமிழ் ஏடுகளைத் திரட்டிப் படித்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். 1712 முதல் 1714 வரை அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் பெற்றார்கள். ஏறத்தாழ நூறு கடிதங்கள் ஹாலே நகரில் ஜெர்மனில் அச்சாயின. அவற்றில் தமிழர்கள் தங்கள் சமயத்தைத் தாங்களே விளக்குகிறார்கள். கிறிஸ்தவர்களைப் பற்றிய தங்கள் மனக்குறையையும் ஒளிக்காமல் எழுதுகிறார்கள். பசுவைக் கொல்வதும் குடிப்பதும் தூய்மை பேணாததும்தான் கிறிஸ்தவர்களின் நெறி என்றால் அதை எப்படி மதிப்பது என்று கேட்கிறார்கள். ஐரோப்பிய வாசகர் முன் இந்தக் கண்டனத்தை மறைக்காமல் வைத்தது பெருஞ்செயல். எதிராளியின் வாயால் தன்னைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத எவரும் அவரிடம் சொல்லத் தகுதி பெறுவதில்லை.

சீகன்பால்குவிடம் முரணும் இருந்தது. 1713இல் அவர் அச்சிட்ட சிறு நூல்களில் ஒன்று அக்கியானத்தைக் கண்டித்தது. அதாவது, தமிழர் வழிபாட்டை அறியாமை என்று பெயரிட்டது. அதே ஆண்டில்தான் அவர் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றைப் பொறுமையாகத் தொகுத்து எழுதி முடித்தார். ஹாலேயிலிருந்த தலைவர் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். நூல் 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. ஒருவர் நம்பும் ஒன்றைச் சரியாக அறிந்து சொல்வதையே அதற்கு உடன்படுவதாகக் கருதி அஞ்சும் மனப்பான்மை அன்றோடு மறையவில்லை. இன்றைய தெருப்பிரசங்கத்திலும் கைப்பிரதிகளிலும் அதைப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் கதை இன்னும் கடுமையானது. அமெரிக்க மிஷன் 1816இலும் வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் தொடங்கின. 1841இல் உதயதாரகை என்ற இதழ் வந்தது. கல்வி வந்தது, கூடவே சைவத்தை இழித்துரைக்கும் எழுத்தும் வந்தது. வெஸ்லியன் மிஷனின் பீற்றர் பேர்சிவலுக்குத் தமிழாசிரியராக இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவர் கடைசிவரை சைவராகவே இருந்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதிக் கிறிஸ்தவக் கண்டனங்களுக்கு விவிலியத்தைக் கொண்டே விடையளித்தார். மறுக்கிறவரையும் பணியில் உடன் வைத்துக்கொள்ளும் பெருந்தன்மை பேர்சிவலிடம் இருந்தது. ஆனால் பொதுவெளியில் நடந்த தூஷணம் அந்த உறவின் பயனை விழுங்கிவிட்டது. இலங்கையின் தென்பகுதியிலும் இதே பாடம்தான். 1873இல் பாணந்துறையில் டேவிட் டி சில்வா போதகருக்கும் மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் இடையே திரளான மக்கள் முன்னிலையில் விவாதம் நடந்தது. அதனால் வலுப்பெற்றது பௌத்த மறுமலர்ச்சியே. மேடை விவாதத்தில் வெல்பவர் மனத்தை வெல்வதில்லை; தோற்பவர் பகையை மறப்பதும் இல்லை.

வசையைவிடச் சிக்கலானது உதவி. பசியோடும் நோயோடும் இருப்பவரிடம் சமயம் பேசலாமா? அரிசிக் கிறிஸ்தவர் என்ற ஏளனம் இதிலிருந்தே பிறந்தது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது அன்றைய சென்னை மாகாணத்தின் ஒங்கோலில் அமெரிக்கப் பாப்திஸ்து மிஷனரி ஜான் கிளவ் பணியாற்றினார். பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்கள் ஏராளம். நிவாரணம் நடந்த காலம் முழுவதும் அவர் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. உதவி நின்றபின் வந்தவர்களுக்கே கொடுத்தார். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்தப் பெருந்தொகையே பலமுறை எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அதற்கு முன் அவர் காத்திருந்த மாதங்கள்தான் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு முக்கியம். கஞ்சிக்காக வந்தார்களா, கிறிஸ்துவுக்காக வந்தார்களா என்ற ஐயத்தை நீக்கும் வழி கஞ்சியையும் ஞானஸ்நானத்தையும் காலத்தால் பிரிப்பதே என்று அவர் கண்டார்.

இதே எண்ணம் பின்னர் விதியாகவும் எழுதப்பட்டது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்ற பேரிடர் நிவாரண நடத்தை நெறி, உதவியை அரசியல் அல்லது சமய நிலைப்பாட்டைப் பரப்பப் பயன்படுத்துவதில்லை என்கிறது. திருச்சபை சார்ந்த நிறுவனங்கள் பலவும் அதில் கையொப்பமிட்டுள்ளன. கிறிஸ்தவ மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளிக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு மருந்தை மட்டும் கொடுத்துப் போகிற செவிலியர் அந்த நெறியைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார். பள்ளிகளைப் பொறுத்தவரை இந்திய அரசியலமைப்பின் 28ஆவது உறுப்பே வழி சொல்கிறது. அரசு ஏற்பு அல்லது நிதியுதவி பெற்ற பள்ளியில் படிக்கும் சிறுவரை, பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்ய முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும், பெற்றோர் அறியாமல் பிள்ளையிடம் நம்பிக்கையை ஊட்டுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகமே.

ஏழையைக் காப்பதாகச் சொல்லி அவர் அறிவை ஐயப்படுவது இதற்கு மறுபக்கமான தவறு. 1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபின், மதமாற்றம் பற்றி நாடெங்கும் வாதம் நடந்தது. சமய உண்மைகளை எடைபோட்டுத் தேரும் நிலையில் ஒடுக்கப்பட்ட மக்கள் இல்லை என்ற பொருள்படக் காந்தி பேசினார். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா அதை ஏற்கவில்லை. தோர்ணக்கல் பகுதியில் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்களோடு பழகிய அவர், மதிப்போடு வாழ விரும்புவதும் ஆன்மிக வேட்கையின் ஒரு பகுதியே என்று கண்டவர். அறிவை ஐயப்படும் இதே போக்கு சட்டத்திலும் உண்டு. மதமாற்றம் பற்றிய 1967இன் ஒரிசா சட்டம் பெண்கள், சிறார், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரை வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றினால் தண்டனையை இரட்டிப்பாக்கியது. வளர்ந்த பெண்ணையும் சிறு பிள்ளையையும் ஒரே வரிசையில் வைக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்போடு இளக்காரமும் கலந்திருக்கிறது.

சட்டம் வகுத்த எல்லையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அரசியலமைப்பின் 25ஆவது உறுப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டுச் சமயத்தை நம்பவும் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புதல் என்ற சொல் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக வாதிடப்பட்டே நிலைத்தது. 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கொள்கைகளை விளக்கிப் பரப்பும் உரிமைதான் இது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அன்று என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. இலங்கை அரசியலமைப்பில் பரப்புதல் என்ற சொல் இல்லை. 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய உரிமை இல்லை என்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1993இல் கிரேக்கத்தைச் சேர்ந்த கொக்கினாகிஸ் வழக்கில் சாட்சி பகர்வதையும் முறையற்ற மதமாற்றத்தையும் பிரித்துக் காட்டியது. பொருளாசை காட்டுவது, இடரில் இருப்பவரை நெருக்குவது போன்றவை இரண்டாவதன் அடையாளங்கள்.

திருச்சபைகளும் தாமாகவே ஒரு நெறியை எழுதிக்கொண்டன. கத்தோலிக்க திருச்சபை 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கை, சமயத்தைப் பரப்புகையில், குறிப்பாக ஏழைகளிடமும் எழுத்தறிவற்றவர்களிடமும், வற்புறுத்தலின் சாயலும் கூடாது என்றது. பிறகு 2006இல் இத்தாலியின் லாரியானோவில் தொடங்கி, துலூஸ், பாங்காக் வழியாக நடந்த கலந்தாய்வுகளின் முடிவில், 2011 ஜூன் 28 அன்று ஜெனீவாவில் பல்சமய உலகில் கிறிஸ்தவ சாட்சி பற்றிய நெறிமுறை வெளியானது. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் சமய உரையாடல் அவை, உலக நற்செய்தி ஐக்கியம் மூன்றும் சேர்ந்து வெளியிட்டதே இதன் சிறப்பு. அதன் பன்னிரண்டு கோட்பாடுகளில் மூன்று தமிழ்ச் சூழலில் உடனடியாகப் பொருந்துபவை. குணமளிக்கும் ஊழியத்தில் மக்களின் பலவீனத்தைப் பயன்படுத்தக் கூடாது. பிற சமயத்தைப் பற்றிப் பேசும்போது பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது. சமயம் மாறுவது வாழ்வைப் புரட்டும் முடிவு ஆதலால் ஒருவருக்குச் சிந்திக்கப் போதிய காலமும் முழு விடுதலையும் தர வேண்டும்.

போதிய காலம் என்பதில் போதிய தகவலும் அடங்கும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் கிடைத்த விலக்கு கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் இவ்வாறு கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்த ஆணை அநீதி என்று திருச்சபைகள் நெடுங்காலமாகப் போராடுகின்றன. ஆனாலும் ஞானஸ்நானம் கேட்டு வரும் இளைஞரிடம் இதைச் சொல்லாமல் மறைக்கும் உபதேசியார் அவரை மதித்தவர் ஆகார். சபைக்குள்ளும் சாதி இருக்கிறது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தம் வீட்டின் ஓட்டையை மறைத்து விருந்துக்கு அழைப்பது நேர்மை ஆகாது.

சொல்லும் முறைக்கு 20ஆம் நூற்றாண்டு இந்தியாவில் கிடைத்த நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்க மெதடிஸ்து மிஷனரி ஸ்டான்லி ஜோன்சின் வட்டமேசைக் கூட்டங்கள். பல சமயத்தாரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, தம் சமயம் தம் வாழ்வில் என்ன செய்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லச் செய்தார். வாதம் இல்லை, மற்றவரின் சமயத்தைப் பற்றிய தீர்ப்பும் இல்லை. இந்த முறையில் கிறிஸ்தவருக்குத் தனிச் சலுகை கிடையாது. தம் அனுபவத்தை மட்டும் அவர் முன்வைக்கலாம். சாட்சி என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் உள்ள பொருளும் அதுதானே: கண்டதைச் சொல்வது சாட்சியின் வேலை, தீர்ப்பு எழுதுவது அவர் வேலை அன்று.

அன்றாட நடைமுறையில் சொற்தேர்வே முதலில் கவனிக்கத்தக்கது. அஞ்ஞானி, புறஜாதியார், இருளில் இருப்பவர் என்ற சொற்கள் சபைக்குள் பழகிப்போனவை. ஒலிபெருக்கி வழியே தெருவுக்கு வந்தால் அவை அடிக்கும். அயலார் வணங்கும் தெய்வத்தைப் பேய் என்று சொல்லிக்கொண்டே அவரை அன்பால் அழைப்பதாகக் கருதுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. திருவிழா நாளில் கோயில் வாசலில் கைப்பிரதி கொடுப்பதும், சாவு வீட்டில் நரகத்தைப் பற்றிப் பேசுவதும், கேளாதவர் கைபேசிக்கு நாள்தோறும் வசனம் அனுப்புவதும் சட்டப்படி குற்றமாக இல்லாமல் இருக்கலாம், மரியாதைப்படி தவறு. வீடு சந்திப்புக்குச் செல்பவர், குடும்பத் தலைவருக்கும் தலைவிக்கும் தெரியாமல் மருமகளிடமோ பிள்ளையிடமோ மட்டும் தொடர்பு வைப்பது அந்த வீட்டைப் பிளக்கும். இளையவர் ஒருவர் தாமாக விரும்பி வந்தாலும், அவர் பெற்றோரிடம் தாமே பேசும் துணிவு வரும்வரை காத்திருப்பது நல்லது. சமயம் சாராதவரிடம் பேசும்போது வேறொரு கவனம் தேவை. பெரியார் வழியில் வந்த பகுத்தறிவாளர் ஒருவர் சாதியையும் மூடநம்பிக்கையையும் எதிர்க்கும்போது அதில் நீதிக்கான தாகம் இருக்கிறது. அந்தத் தாகத்தை மதிக்காமல் தொடங்கும் பேச்சு முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும்.

இறுதியாக, மறுப்பு. மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் செல்வந்தர் ஒருவர் இயேசுவிடம் கேள்வி கேட்கிறார். விடை பிடிக்காமல் முகம் வாடித் திரும்பிப் போகிறார். இயேசு அவரை நேசித்தார் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஓடிப்போய்த் தடுத்தார் என்று எழுதப்படவில்லை. நிபந்தனையைக் குறைத்துத் திரும்ப அழைத்ததாகவும் இல்லை. மறுத்தவரோடு உறவு எப்படித் தொடர்கிறது என்பதில்தான் முதலில் சொன்னதன் உண்மை தெரியவரும். பல ஆண்டுகளாக நற்செய்தியைக் கேட்டு, வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்ட அண்டைவீட்டாரின் நல்லது கெட்டதுக்கு முன்போலவே போய் நிற்கும் கிறிஸ்தவர்கள் தமிழ்நாட்டு ஊர்களில் நிறைய உண்டு. கிறிஸ்துமஸ் பலகாரம் அந்த வீட்டுக்குப் போகிறது. பொங்கல் பானையிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிறது. பேச்சு இன்னொரு நாள் மீண்டும் தொடங்கலாம். தொடங்காமலே போகவும் கூடும்.